நாற்பது நிமிடத் தூரம்

பனி நாடொன்றின் வடமுனை மீன் தொழிற்சாலையில் விடுப்புக் கொடுப்பது இயந்திரம்தான். குகநேசனின் மனைவி இன்னொரு பனி ஊரில் பிள்ளை பெற்றிருந்தாள். இன்று முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் தீட்டு நீங்கும் துடக்குக் கழிவு.

“இரு விமான நிலையங்களுக்கும் இடையே நாற்பது நிமிடப் பறப்பு. போய்வர எண்பது நிமிடம், குழந்தையைக் கொஞ்சப் பத்து நிமிடம்,” என்று இயந்திரம் தாராளமாக அனுமதித்தது.

“அந்தப் பிளேனை நிப்பாட்டி ரெண்டு வருசமாச்சே! றோட்டும் பனியில மூடிக் கிடக்கு.”

“தூரம் மாறவில்லை,” என்றது இயந்திரம்.

குகநேசன் அந்தத் தொண்ணூறு நிமிடமும் விமான நிலையத்தின் வெறும் ஓடுபாதையைப் பார்த்தபடி நின்றான். அவன் திரும்பி வந்ததும் இயந்திரத்தில் ‘பயணம் இனிதே நிறைவு’ என்று விழுந்தது. மேற்பார்வையாளர் பரஞ்சோதி ஓடிவந்து கைகுலுக்கினார்.

“பிள்ளை ஆரைப் போல?”

“உங்கட பிளேனைப் போல, அண்ணை. ரெண்டையும் நான் இன்னும் காணேல்லை.”