சென்யோரா கொத்திய ஷூ லேஸ்

“இன்ஸ்பெக்டரம்மா போற வரைக்கும் வர்றவங்களையெல்லாம் கொத்துற அந்தச் சென்யோராக் கோழியைக் கூடை போட்டுக் கவுத்து வை. இயற்கை முட்டைன்னு முத்திரை வேணுமா, வேணாமா?” என்றான் பெர்திங்.

“கவுத்து வெச்சா அது கத்தி ஊரையே கூட்டிடும்யா,” என்றாள் அவன் மனைவி நெனிதா.

“எல்லாம் நீ குடுத்த செல்லம். பக்கத்துப் பண்ணையில போய்ப் பாரு. ஆளைக் கண்டாலே கோழியெல்லாம் ஒதுங்கி நிக்குது. அது மரியாதை.”

இன்ஸ்பெக்டர் ஒபேலியா வந்தார். நேராகத் தென்னந்தோப்புக்குள் போய்ப் புல்தரையில் குந்தினார். அவ்வளவுதான், கோழிகள் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டன. சென்யோரா அவருடைய ஷூ லேஸைக் கொத்தி இழுத்தது. இன்னொன்று மடியில் ஏறிச் சட்டைப் பொத்தானைப் பதம் பார்த்தது.

பெர்திங் துடைப்பத்தோடு பாய்ந்தான். “மன்னிச்சிடுங்க மேடம். இன்னிக்கே பப்பாளிக்காய் போட்டு இதைத் தினோலாக் குழம்பு வெச்சிடறேன்.”

“விரட்டாதீங்க,” என்றார் ஒபேலியா கடுமையாக.

பெர்திங் துடைப்பத்தைத் தாழ்த்தினான். ஒபேலியா தொடர்ந்தார்.

“பக்கத்துப் பண்ணையிலயும் இப்படித்தான் உட்கார்ந்தேன். ஒண்ணுகூட கிட்ட வரலை, எல்லாம் சுவரோட ஒட்டிக்கிச்சு. மனுஷங்ககிட்ட அவ்வளவு பயம். முத்திரை கிடையாதுன்னு சொல்லிட்டேன். இங்க என்னை எழுந்திரிக்கவே விடமாட்டேங்குதுங்க. உங்களுக்கு முழு மார்க்கு.”

பெர்திங்கின் குரல் குழைந்தது. “வாங்க சென்யோரா, என் செருப்பையும் கொத்துங்க,” என்று காலை நீட்டினான்.

சென்யோரா அவன் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தது. மெல்ல நடந்துபோய் நெனிதாவின் பாவாடைக்குப் பின்னால் நின்றுகொண்டது.

“உனக்கு முத்திரை கிடையாதாம்யா,” என்றாள் நெனிதா.