பெஞ்சுக்கு எதிர்ச் சுவர்

காசு கட்டியவர்கள் நேரே டாக்டரிடம் போனார்கள். மற்றவர்களுக்கு நீளமான பெஞ்சு. அதன் கடைக்கோடியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த கணவனைத் தோளில் சாய்த்தபடி தையல்காரி உட்கார்ந்திருந்தாள். முறை வருகிறவரை தாங்குவானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்ச் சுவரில் ஒரு கதவு திறந்தது.

"உள்ள வாங்கண்ணே," என்றாள் நர்ஸ்.

"போன மாசம் இந்தச் சுவருக்கு நான்தான் பெயிண்ட் அடிச்சேன். இங்க கதவே கிடையாதே," என்றான் அவன்.

"வாயை மூடிட்டு எந்திரிங்க," என்றாள் மனைவி.

"நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க," என்று டாக்டர் ஊசி போட்டார். மெல்ல வலி விட்டது.

அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். பெஞ்சு காலியாக இருந்தது. சுவர் நெடுக, ஆளுக்கொரு கதவு திறந்திருந்தது.

அவள் சொன்னதைக் கேட்டு அவன் முகம் மலர்ந்தது. "அத்தனைக்கும் பெயிண்ட் அடிக்கணுமேடி. இனி நம்ம காட்டுல மழைதான்."