வீடு பார்க்க வந்தவர்

அன்று வெயிலா, மழையா என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. யார் முதலில் உள்ளே போனார்கள் என்பதிலும் சந்தேகம்தான். ஆனால் தொப்பிக்காரர் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டது மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

"என்ன நாத்தம்மா இது! உள்ளே எலி செத்துக் கிடக்கா?"

சாவியோடு வந்திருந்த ஏஜென்ட் பெண் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆலை மூடியதிலிருந்து, தவணை கட்டாத வீடுகளை வங்கி ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் பாதிக் கதவுகளில் ஏல நோட்டீஸ்.

"வியாழக்கிழமை ஏலம். கடன் வாங்கின ஓனரைத் தவிர யார் வேணும்னாலும் கேக்கலாம்," என்று ஒப்பித்தாள். "இந்த வீட்டுக்கு இதுதான் கடைசி ஏலம். யாரும் கேக்கலைன்னா, மிச்ச வீடுகளோட சேர்த்து மொத்தமா ஒரு கம்பெனிக்குக் குடுத்துடுவாங்க."

பார்க்க வந்தவர்கள் ஒரு பஸ் டிரைவர், அவர் மனைவி, பேசவே கூச்சப்படுகிற ஓர் ஒல்லியான ஆள், அப்புறம் கறுப்புக் கண்ணாடியும் மாட்டியிருந்த இந்தத் தொப்பிக்காரர்.

தொப்பிக்காரருக்கு அந்த வீடு வேண்டும். அதுவும் அடிமாட்டு விலைக்கு வேண்டும். டிரைவரையும் அவர் மனைவியையும் அவர் பார்த்த பார்வை, சாப்பாட்டில் விழுந்த ஈயைப் பார்க்கிற பார்வை.

உள் அறை இருட்டாக இருந்தது. ஏஜென்ட் பெண் செல்போன் வெளிச்சத்தில் சுவரெல்லாம் தடவிக்கொண்டிருந்தாள். தொப்பிக்காரர் கதவுக்குப் பின்னால் கையை விட்டு விளக்கைப் போட்டார்.

"இருட்டாவே இருந்திருக்கலாம். இதையெல்லாம் மனுஷன் பார்ப்பானா?" சுவரை விரலால் தட்டினார். "உள்ளே பூரா ஈரம். மேலே பெயிண்டை அப்பி மறைச்சிருக்கான்."

டிரைவரின் மனைவி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "காய்ஞ்சுதானே சார் இருக்கு?"

"இப்போ காய்ஞ்சிருக்கும்மா. குடி வந்து சாய்ஞ்சு உக்காந்து பாருங்க. முதுகுல பாசி பிடிக்கும்."

டிரைவர் சிரித்துவிட்டார். மனைவி முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சிரிங்க சார், சிரிங்க. இதை வாங்கினீங்கன்னா ரிப்பேர் செலவுக்குப் பகல்ல பஸ், ராத்திரி லாரின்னு ஓட்டணும். அப்போ சிரிக்க நேரம் இருக்காது."

ஒல்லியான ஆள் மெல்ல வாயைத் திறந்தார். "நிஜமாவே அவ்வளவு மோசமா?"

கேள்வி கேட்க ஆள் கிடைத்ததும் தொப்பிக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. சமையலறைத் தரையைக் குதிகாலால் குத்தினார்.

"கேட்டீங்களா சத்தத்தை? கீழே மண்ணே கிடையாது. குழாய் உடைஞ்சு அரிச்சிட்டுப் போயிருக்கு. பெரிசா ஒரு மழை வரட்டும். அடுப்பு ஒரு பக்கம் போகும், நீங்க ஒரு பக்கம் போவீங்க."

ஒல்லியான ஆள் சமையலறையிலிருந்து காலைப் பின்னால் எடுத்து வைத்தார்.

"கட்டினவன் ஒரு முட்டாள். இந்தப் பொந்துக்குள்ள இத்தனை வருஷம் குடியிருந்தவன் அவனைவிடப் பெரிய முட்டாள்," என்றார் தொப்பிக்காரர்.

"அவ்வளவு மட்டமான வீட்டைப் பார்க்க நீங்க ஏன் சார் மெனக்கெட்டு வந்தீங்க?" என்றாள் டிரைவரின் மனைவி.

"இடிச்சுட்டு மாட்டுக் கொட்டகை போடலாமான்னு பார்க்க வந்தேன். வேண்டாம், மாடு பாவம்."

அவள் ஜன்னலுக்குத் திரைத்துணி அளவெடுக்கக் கொண்டுவந்த டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஏலத்துக்கு டிரைவரும் வரவில்லை, அவர் மனைவியும் வரவில்லை. வேறு யாரும் வரவில்லை. கூடத்தில் வரிசையாகக் காலி நாற்காலிகள். நடுவில் அந்த ஒல்லியான ஆள். தொப்பிக்காரர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, வாயெல்லாம் பல்லாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி விலையைப் படித்தார். வீட்டுக்குச் சொல்கிற விலையே இல்லை அது. அவருக்கே படிக்க வெட்கமாக இருந்திருக்கும்.

"கேட்க ஆள் உண்டா?"

யாரும் அசையவில்லை. ஒல்லியான ஆள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு தன் செருப்பையே பார்த்தார். தொப்பிக்காரரின் சிரிப்பு மெல்ல வடிந்தது. கதவுக் கண்ணாடியை விரலால் தட்டினார். அப்புறம் மோதிரத்தால் தட்டினார். ஒல்லியான ஆள் நிமிரவே இல்லை.

"ஆளில்லை. கம்பெனிக் கணக்குல சேர்த்துடுங்க," என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

வெளியே படிக்கட்டில் தொப்பிக்காரர் ஒல்லியான ஆளின் சட்டையைப் பிடித்தார்.

"ஏன்டா கையைத் தூக்கல? உன் பேர்ல எடுக்கறதுன்னு பேசி வச்சோமா இல்லையா?"

"பேசினோம் அத்தான். ஆனா அது என் பொண்டாட்டி நகையை வித்த காசு. சுவர்ல ஈரம், தரைக்குக் கீழே மண்ணே இல்லைன்னா..."

"அந்த டிரைவரை விரட்டறதுக்குச் சொன்னேன்டா, மடையா!"

கம்பெனி அந்த வீட்டை இடிக்க ஆள் விட்டது. சுவர் ஈரமில்லாமல் கல் மாதிரி இருந்ததாம். இடிக்கிறவர்கள் கூலி கூட்டிக் கேட்டார்கள். டிரைவரும் மனைவியும் பக்கத்துத் தெருவில் வேறொரு ஏல வீட்டை எடுத்துத் திரைத்துணி மாட்டிவிட்டார்கள். ஏஜென்ட் பெண் வேலையை விட்டுவிட்டாள்.

தொப்பிக்காரரும் அவர் மச்சினனும் அதற்கப்புறம் முகம் கொடுத்துப் பேசவில்லை. படிக்கட்டில் சட்டையை விடுவித்துக்கொண்டு மச்சினன் கேட்டதுதான் கடைசிப் பேச்சு:

"உங்க வீட்டைப் பத்தி உங்களைவிட யாருக்கு அத்தான் தெரியும்?"