நீரில் மூழ்காமல் காத்தவர்

எங்கள் நகரில் எந்த எழுத்தையும் முதலில் இயந்திரம்தான் வாசிக்கும். வசை இருந்தால் அழித்துவிடும். புகழ்ச்சி இருந்தால் தெரு ஒலிபெருக்கியில் ஒலிக்கவிடும். எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வராதது பற்றி என் கணவர் தணிகாசலம் எழுதிய புகார்கள் எல்லாம் அழிந்துபோயின. கடைசியில் அவர் நகர நிர்வாகிக்கு ஒரு வாழ்த்து எழுதினார்.

நாங்கள் குழாயடியில் காலிக் குடங்களோடு நின்றபோது அது ஒலித்தது. “எங்கள் பிள்ளைகள் நீரில் மூழ்கிவிடாமல் இரவும் பகலும் காத்துவரும் நிர்வாகி ஐயா வாழ்க.”

பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏன்டி மரகதம், உன் வூட்டுக்காரரு அந்தாள வாழ்த்துறாரா, வாருறாரா?”

“வாழ்த்துதான்க்கா. மிஷினே சொல்லுதே.”

பயந்து பயந்து பேசிய தெரு அன்று வாய்விட்டுச் சிரித்தது. ஒரு சொல்கூட மாறவில்லை. இயந்திரம் புகழ்ச்சி என்று வாசித்த அதே வரியை அத்தனை காதுகளும் கவிழ்த்துக் கேட்டன. தெருவில் ஒட்டுக்கேட்ட சிரிப்பை மகிழ்ச்சி என்று குறித்துக்கொண்ட இயந்திரம், வாழ்த்தை நகரம் முழுக்க ஒலிக்கவிட்டது.

நிர்வாகியே பொன்னாடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவருக்குப் போர்த்திவிட்டு, என்னிடம் “குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா” என்றார். என் கணவர் காலி டம்ளரை இரண்டு கையாலும் பணிவாக நீட்டினார்.

“குடிங்க ஐயா. மூழ்கிடாம பாத்து.”

நிர்வாகி டம்ளருக்குள் பார்த்தார். மெல்ல மெல்ல அவருக்கு அந்த வாழ்த்து புரிந்தது.

அன்று மாலை நிர்வாகியின் ஆட்கள் வந்து என் கணவரை அழைத்துப் போனார்கள். மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தது. அதற்கடுத்த நாள் அவர் உடல் வந்தபோது, குளிப்பாட்டத் தெருவே குடம் குடமாகக் கொண்டுவந்தது.