வீடியோவுக்கு மட்டும்

"சிரிங்க மாமா. அத்தையைப் பாத்து சிரிங்க. என்னைப் பாத்து இல்ல."

மருமகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமனார் மனைவி பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டினார்.

"பல் டாக்டர்கிட்ட காட்டற மாதிரி இருக்கு. இன்னொரு தடவை."

மாடியில் இரண்டு அறை சும்மா கிடந்தன. அவற்றை வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்பது மருமகளின் யோசனை. தங்க இடம், காலையில் வீட்டுச் சாப்பாடு. போனில் ஒரு பக்கம் தொடங்கி, படமும் வீடியோவும் போட்டால் ஆள் தானாக வரும் என்றாள். வராவிட்டால் வீட்டை விற்றுவிடுவோம் என்று மகன் ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

"ரூம் எல்லா ஊர்லயும் இருக்கு மாமா. ஜனங்க வீட்டு மனுஷங்களைத்தான் பாப்பாங்க. வயசான புருஷன் பொண்டாட்டி அன்னியோன்னியமா இருக்கறதைப் பாத்தா உடனே புக் பண்ணிடுவாங்க."

அங்கேதான் இடித்தது. அந்தப் புருஷனும் பொண்டாட்டியும் பேசி வருஷக் கணக்காகிவிட்டது.

மச்சான் மகள் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுத்தார்கள். இவர் கை கழுவப் போன நேரம் பார்த்து எடுத்துவிட்டார்கள். பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியும் விட்டார்கள். படத்தின் நடுவில் மனைவி வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றாள். புருஷன் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. சுவரோடு பேசக் கற்றுக்கொண்டாள். "சாப்பாடு ஆறுதுன்னு யாராவது சொல்லுங்கப்பா" என்பாள். "பசி இல்லைன்னு சொல்லிடு" என்று இவர் நாற்காலியிடம் சொல்வார். சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்.

இப்போது வீடே போய்விடும் என்று ஆனதும் இறங்கி வந்தார். "வீடியோவுக்கு மட்டும்தான்" என்று கறாராகச் சொல்லிவிட்டு, சலவைச் சட்டையோடு சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அத்தைகிட்ட ஏதாவது கேளுங்க மாமா."

"என்ன கேக்கறது?"

"மனசுல வர்றதைக் கேளுங்க."

மனசில் வந்தது அந்தக் கல்யாணப் படம். அதை விழுங்கிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"சாப்பிட்டியா?"

மனைவியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"இல்லீங்க. நீங்க சாப்பிடாம நான் என்னிக்குச் சாப்பிட்டிருக்கேன்?"

அடேயப்பா, என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் காலையில் ஷூட்டிங். கால் வலி எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார். அவர் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள் அவள். ஒரு நாள் ரொட்டியில் வெண்ணெய் தடவி ஊட்டியேவிட்டார். மருமகள் "கட்" சொன்னதும் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் நாளாக ஆக அந்த "கட்" தாமதமாகத்தான் வந்தது.

மாடி அறைகள் நிரம்ப ஆரம்பித்தன.

"எல்லாம் உங்க வீடியோவாலதான் மாமா. லைக் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது!"

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன், அதில் வீடியோ பார்க்க வழியில்லை. முடிவெட்டும் கடைக்குப் போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஏம்பா, நம்மளைப் பாத்திருப்பியே?" என்றார்.

"எங்கண்ணே?"

"போன்லதான். ஊரே பாக்குது."

"என் கண்ணுல படலையேண்ணே."

பொறாமை. வேறென்ன? பாதி மீசை ஒதுக்கும்போதே அவனையும் பகையாளியாகச் சேர்த்துக்கொண்டார். மறு மாதம் வேறு கடைக்குப் போனார்.

ஒரு நாள் காலை, மாடியில் தங்கியிருந்த நர்ஸம்மா கீழே ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தார்.

"நேர்ல பாத்ததும் என்னை அடையாளம் தெரிஞ்சுதாம்மா?"

"உங்களை இப்பத்தானே சார் முதல் தடவையா பாக்கறேன்?"

"வீடியோவைப் பாத்துத்தானே ரூம் எடுத்தே?"

அவள் போனை எடுத்து விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். கட்டில். ஜன்னல். குளியலறைக் குழாய். மறுபடியும் கட்டில். ஒரு ஆம்லெட். அடி வரைக்கும் தள்ளியும் அவர் வரவில்லை. ஆம்லெட்டுக்குக் கிடைத்த இடம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

"ரூம் சுத்தமா தெரிஞ்சுது, அதான் வந்தேன் சார். வீடியோ எதுவும் இதுல இல்லையே."

அவருக்கு உச்சந்தலை கொதித்தது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுதானே மானத்தை விட்டு மனைவியிடம் வாயைத் திறந்தார்? யாரும் பார்க்கவில்லையென்றால், அந்தக் கால் வலியை யாருக்காகக் கேட்டார்? அந்த வெண்ணெய் யாருக்காக?

மருமகள் மாடியில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். இவர் நேரே சமையலறைக்குப் போய், வழக்கப்படி பாத்திர அலமாரியைப் பார்த்துக் கத்தினார்.

"ஒரு வீடியோகூடப் போடலையாம்! மாமனார் மாமியாரை உக்கார வச்சு நாடகம் ஆடியிருக்கா! இப்பவே கூப்பிட்டுக் கேக்கறேன். இனிமே இந்த வீட்டுல ஷூட்டிங்கே கிடையாதுன்னு சொல்லிடு!"

மனைவி அடுப்பைத் தணித்தாள். சுவர் பக்கம் திரும்பவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

"மெதுவாப் பேசுங்க, அவ காதுல விழுந்துடப் போகுது. முதல் வாரமே என் போன்ல தேடிப் பாத்துட்டேன், ஒண்ணுமே இல்ல. தெரிஞ்சுதாங்க தினமும் வந்து உக்காந்தேன்."