பெயருக்கு விட்ட இடம்

லக்னோவில் மழை கட்டி நிற்கும் பிற்பகல். அச்சுக்குப் போகவேண்டிய அட்டைத்தாளை நாவலாசிரியை ரிஃபத் ஜஹானின் முன் விரிக்கிறார் தவக்குல் மியான். நாவல் முழுவதையும் அச்சுக்காக அழகெழுத்தில் எழுதிக் கொடுத்தவர், அட்டையில் அவள் பெயருக்கான இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறார். அவளுடைய போன நாவலைக் கொளுத்தியவர்கள் தெருமுனையில் மறுபடி கூடியிருக்கிறார்கள். கூச்சல் மூங்கில் தட்டியைத் தாண்டி வருகிறது. “‘ஒரு பெண்மணி’ன்னு போட்டுடலாம், பேகம். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.” “நீங்க எழுத வேணாம், மியான். பேனாவைக் கொடுங்க.” நாணல் பேனா அவள் விரலில் வழுக்குகிறது. பெயர் கோணலாக விழுகிறது. “இது என் கையெழுத்தில்லைன்னு குருடன்கூடச் சொல்லிடுவானே!” என்கிறார். “சொல்லட்டும். அப்பதான் அவங்க உங்க வீட்டுக்கு வரமாட்டாங்க.” கூச்சல் சட்டென்று அடங்குகிறது. வாசற்கதவின் சங்கிலி ஒருமுறை ஆடுகிறது. அவள் குனிந்து, ஈர மையை ஊதிக்கொண்டே இருக்கிறாள்.