கழற்றி எடுக்கிற பேட்டரி

“இதுல பேட்டரியைத் தனியா வெளிய எடுக்க முடியுமா, தம்பி?”

முடியாது. அது உள்ளேயே வைத்து மூடிய பேட்டரி. ரஸ்ஸல் மின்சாரச் சிகரெட்டான அந்த வேப் கருவியைக் கண்ணாடி அலமாரியில் திரும்ப வைத்தான். இதற்கு முன்னால் காட்டியதையும் அவள் இதே கேள்வியைக் கேட்டுத்தான் தள்ளியிருந்தாள்.

இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருந்தது அவன் கடை. அவளைப் போன்றவர்கள் அங்கே வருவதில்லை. ஐம்பதைத் தாண்டியவள். மழைக் கோட்டின் பித்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தாள். உள்ளே நுழைந்ததும் கடையின் தித்திப்பு வாசனைக்கு மூக்கைச் சுளித்தாள். பெயர் லொரெய்ன் என்றும், வாங்குவது மகன் ரீஸுக்கு என்றும் சொல்லியிருந்தாள்.

“பெருசா இருக்கணும். நல்லா புகை வர்றது. சின்னது ஒண்ணு வச்சிருந்தான். பெருசு வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தான்.”

ரஸ்ஸலுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாக்கள் இந்தக் கடைக்கு வந்தால் சண்டை போடத்தான் வருவார்கள், என் பிள்ளைக்கு எவன்டா இதை வித்தது என்று.

“குடுத்து வச்ச பையன்மா. எங்கம்மா பொறந்த நாளைக்குக்கூட எனக்கு சாக்ஸுதான் வாங்கிக் குடுப்பாங்க. ஏன், தொரை நேர்ல வர மாட்டாரோ?”

“அவனால வர முடியல” என்றாள்.

அடுத்ததாக அவன் எடுத்துக் காட்டியது கையடக்கச் செங்கல் போல இருந்தது. கனமான இரும்பு உடம்பு. பக்கவாட்டில் ஒரு கதவு, அதற்குள் இரண்டு பேட்டரிகள். கதவை நகத்தால் தட்டியதும் அது திறந்துகொண்டது. அவள் முகத்தில் முதல் முறையாக ஒரு தெளிவு வந்தது.

“இதுதான்.”

இந்த மாதிரிப் பெரிய கருவியை ரஸ்ஸல் யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. ஒருமுறை அவனே காற்சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு ஒரு பேட்டரியைப் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினான். இறங்குவதற்குள் அது சீறித் தீப்பிடித்தது. தொடையில் அந்தத் தழும்பு இன்னும் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது.

ஆகவே அவளுக்கும் சொன்னான். பேட்டரி வெளியே இருக்கிறபோது பிளாஸ்டிக் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். மேலே சுற்றியிருக்கிற உறை துளி கிழிந்தாலும் அதைத் தொடக் கூடாது, கொண்டுவந்தால் இங்கேயே வேறு உறை போட்டுத் தருவான். இரண்டும் ஜோடி. ஒன்றாகவே வாங்கி, ஒன்றாகவே சார்ஜ் போட்டு, ஒன்றாகவே தூக்கிப்போட வேண்டும். பழையதையும் புதியதையும் கலக்கவே கூடாது. சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. இணையத்தில் சல்லிசாகக் கிடைக்கிறது என்று கண்டதை வாங்கக் கூடாது, இவ்வளவு பவரை அது தாங்காது.

இளவட்டங்கள் இதையெல்லாம் கேட்பதாகத் தலையை ஆட்டிக்கொண்டே போனைப் பார்ப்பார்கள். இவள் அப்படி இல்லை. மருத்துவர் சொல்வதைக் கேட்கிற மாதிரி, ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

“தூங்கும்போது கட்டில்லயே சார்ஜ் போட்டு வச்சிருப்பான்” என்றாள். “எத்தனை தடவை கத்தியிருக்கேன்.”

“நான் சொன்னேன்னு சொல்லுங்கம்மா. கேக்கலன்னா இங்க அனுப்புங்க, தொடையைக் காட்டறேன்.”

அவள் அட்டையைத் தேய்த்துப் பணம் கட்டினாள். பையில் போடப் போனவனைத் தடுத்து, பேட்டரிகளைக் கழற்றுவது எப்படி என்று காட்டச் சொன்னாள். காட்டினான். திரும்பப் போட்டுவிட்டு, அவளே ஒருமுறை செய்து பார்த்தாள். சரியாகவே கழற்றினாள். இரண்டையும் கண்ணாடி மேசைமேல் வைத்து, அவன் பக்கமாகத் தள்ளினாள்.

“இது ரெண்டும் எனக்கு வேண்டாம், தம்பி. நீங்களே வச்சுக்கங்க.”

“இது இல்லாம அது வேலை செய்யாதும்மா. வெறும் இரும்புதான்.”

“தெரியும். அவனோட சவப்பெட்டிக்குள்ள வைக்கிறதுன்னா பேட்டரி இருக்கக் கூடாதாம். எரிக்கும்போது வெடிச்சிருமாம். இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு பண்றவர் கண்டிப்பா சொல்லிட்டார்.”

சற்று முன் தான் சொன்ன ஒவ்வொரு வேடிக்கையும் ரஸ்ஸலின் நெஞ்சில் வந்து குத்தியது. பக்கத்துக் கடையில் மீன் பொரிகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். கருவியை வாங்கி, கதவைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே வெடிக்கக்கூடியது வேறு ஒன்றும் இல்லை என்று அவளுக்குக் காட்டினான். மேலே இருந்த, திரவம் ஊற்றுகிற கண்ணாடிக் குப்பியையும் கழற்றிவிட்டு, கதவை மூடிக் கையில் கொடுத்தான்.

அவள் போகவில்லை.

“இன்னொண்ணு கேக்கணும். இதை எப்படிப் பிடிப்பாங்க?”

அவனுக்குப் புரியவில்லை.

“வீட்டுக்குள்ள பிடிக்க விட்டதே இல்லை நான். பனியானாலும் மழையானாலும் வெளிய போடான்னு விரட்டிருவேன். அவன் பிடிச்சு நான் பார்த்ததே இல்ல, தம்பி. நாளைக்குப் பெட்டியை மூடறதுக்கு முன்னாடி நான்தான் அவன் கையில வைக்கணும். தப்பா வச்சுரக் கூடாது.”

ரஸ்ஸல் கருவியை வாங்கினான். உள்ளங்கையில் அழுத்தி, நான்கு விரல்களையும் சுற்றி மடக்கி, பெருவிரலைப் பொத்தான்மேல் வைத்துக் காட்டினான். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“அவன் இடதுகைக்காரன்” என்றாள்.

ரஸ்ஸல் அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.